கழற்றி வைத்த உறை

வீட்டை விட்டுப் போன வீட்டுக்காரருக்கு,

சண்டை போட்டீர்கள், போய்விட்டீர்கள். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதப் போவதில்லை. "அண்ணன் தலையணையும் கையுமா வந்து நிக்கிறாரு அண்ணி" என்று உங்கள் தங்கை போனில் சிரித்தாள். தலையணையை எடுத்துக்கொண்டு, நான் தைத்த உறையை மட்டும் கழற்றி மடித்து சோபாவில் வைத்துவிட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

பழைய திரைச்சீலையை வெட்டி, ஓரமெல்லாம் பூத்தையல் போட்டு, பத்து நாள் தைத்த உறை அது. ஜிப் காதில் உரசுகிறது என்று முகம் சுளித்தீர்கள். அதைப் பிரித்துப் போட்டுப் பின்பக்கம் பொத்தான் வைத்தேன். இருபது வருடம் உங்கள் தலை அழுத்தி அந்தத் தலையணை இடது பக்கம் சப்பையாகிவிட்டது. அதற்கேற்றபடி உறையையும் இடது பக்கம் இரண்டு விரல் குறைத்துத் தைத்தேன். அதைப் பார்த்துத்தானே, "ஒரு உறையக்கூட உனக்கு நேரா தைக்கத் தெரியல" என்று ஆரம்பித்தீர்கள்?

நேற்று ஒரு புதுத் தலையணை வாங்கி நுழைத்துப் பார்த்தேன். இடது பக்கம் பிதுங்குகிறது.

எனக்கு அந்தப் பழைய தலையணைதான் வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம், இன்னும் நசுங்கிவிடும். தங்கையிடம் கொடுத்தனுப்பவும் வேண்டாம், மறுபடி சிரிப்பாள்.

இப்படிக்கு,
கோணலாகத் தைத்தவள்