பறவைகளுக்கு நல்ல சாப்பாடு

பூந்தா அரேனாஸ்,
ஜனவரி 20.

அன்பு மகள் நெரேய்டாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தப் பனிக்கடலில் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லை. உங்கள் கப்பலுக்கு எண்ணெய் கொண்டுவரும் கப்பலில் சமையல்காரராக வரும் பக்கத்து வீட்டு குளோதோமிரோ மாமா இதை உன் கையிலேயே கொடுப்பார். படித்ததும் கிழித்து எரித்துவிடு. உன் மின்னஞ்சல் எல்லாம் கேப்டனின் கணினி வழியாக வருவதால்தான் போன வாரம் காற்றையும் மழையையும் பற்றி மட்டும் பதில் போட்டேன். அம்மா தோட்டத்து ருபார்ப் தண்டில் ஜாம் காய்ச்சினாள், வழக்கம்போல அடிப்பிடித்துவிட்டது, பழி என்மேல்.

"இங்கே பறவைகளுக்கு நல்ல சாப்பாடு அப்பா" என்று எழுதியிருந்தாய். அம்மா சந்தோஷப்பட்டாள், நான் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். மீன் தலைகளைத் தூண்டில் முள்ளைக்கூடக் கழற்றாமல் கடலில் கொட்டுகிறார்கள், பறவைகள் அதை விழுங்கிச் சாகின்றன, அதுதானே? இருபதுக்கு மேற்பட்ட நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர்கூட மறுக்காமல் தலையாட்டி, அந்தக் கடலில் கூடாது என்று விதி போட்டிருக்கிறார்கள். யாருக்கும் சொந்தமில்லாத கடலை எல்லாரும் சேர்ந்து காப்பதாம். ஆனால் அத்தனை நாடுகளுக்கும் சேர்த்து அந்தக் கப்பல் தளத்தில் கண்காணிப்பாளராக நோட்டுப் புத்தகத்தோடு நிற்பது நீ ஒருத்திதான். மற்ற முப்பது பேருக்கும், நீ எழுதுவதால் கப்பலின் உரிமம் போனால் பிழைப்பு போய்விடும். விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "கண்ணை மூடிக்கிட்டு வந்து சேருன்னு எழுதுங்க, பறவைக்கெல்லாம் இவதான் அம்மாவா?" என்றாள், பிறகு அடுப்பங்கரையில் போய் அழுதாள்.

நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பிறந்த வருஷம் நான் போனது திருட்டுத்தனமாக மீன் பிடிக்கும் கப்பலில். பின்புறம் கயிற்றில் தொங்கிக்கொண்டு கப்பலின் பெயரைப் பெயின்ட் அடித்து மறைத்ததும் புதுப் பெயர் எழுதியதும் நான்தான், ஒரே பயணத்தில் மூன்று முறை. எங்கள் சமையல்காரர், கரைக்குப் போனதும் அதிகாரிகளிடம் சொல்லிவிடுவேன் என்றார். ஒருநாள் காலை கழிவு கொட்டப் போனவரின் வாளி மட்டும் தளத்தில் கிடந்தது. அலை அவரை அடித்துக்கொண்டு போயிற்று என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன், ஆனால் அன்று கடலில் அலையே இல்லை.

அதனால் பார்த்ததை எழுது, ஆனால் கரை ஏறும்வரை யாரிடமும் காட்டாதே. நோட்டை உள்சட்டைக்குள் வைத்துக்கொள். பின்தளத்துக்குத் தனியாகப் போகாதே, பகலிலும் போகாதே. சாப்பாட்டு மேசையில் அசட்டுப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டிரு. யாராவது உன்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று தோன்றினால், "கூரைக்குப் பெயின்ட் அடித்தாயிற்றா" என்று ஒரு வரி அனுப்பு. அந்த நிமிஷமே துறைமுக அதிகாரியிடம் போய் உன்னைப் பற்றிச் சொல்வேன், என்னை நம்ப வேண்டும் என்பதற்காக அந்த வாளியைப் பற்றியும் சொல்வேன். ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை.

அன்னை மரியாள் உன் கூடவே இருக்கட்டும், கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே. நம் கூரை துருப்பிடித்துக் கிடப்பது உனக்கே தெரியும். நீ வந்து இறங்கும்வரை அதைத் தொடமாட்டேன். ஆகவே சும்மா அன்புக்குக்கூட அதைப் பற்றி விசாரித்துவிடாதே, மகளே.

இப்படிக்கு,
உன் அப்பா
அர்னோல்தோ