மொட்டையடித்த புல்தரை

ஆகஸ்ட் 20, புதன்

நேற்று நல்ல மழை. மண் பொதபொதவென்று. களை பிடுங்க இதைவிட நல்ல நாள் கிடையாது. ஆறரைக்கே முக்காலியுடன் புல்தரையில். இந்தக் களைக்கு நான் வைத்த பெயர் விரல்புல்; கதிர், விரித்த கைவிரல்கள் மாதிரி. நம் அருகம்புல்லைவிட அகல இலை, வெளிர்பச்சை, அடியில் ரோமம். கணுவுக்குக் கணு வேர் விடும் திருட்டுப் புல். சுவரோரம் மட்டும் பிடுங்கியது 61.

மாலை தாமஸ் ஃபோன். காட்டாங்குளத்தூரில் கல்லூரி வேலை பார்க்கும் மகனுக்கு அங்கிருந்தே என் முழங்கால் தெரிகிறதாம்.

"மம்மி, வர்ற புதன் லீவு. பேவர் பிளாக் போடுறவரைக் கூட்டிட்டு வர்றேன். பாதி இடம் களைதானே? மொத்தமா கல்லு போட்டுடலாம்."

பாதி இல்லை. கால்வாசி. பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று வாக்கு வாங்கினேன். ஒரு வாரம் இருக்கிறது.

வாங்க வேண்டியது: காபித்தூள், கண் சொட்டு மருந்து.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சுள்ளென்று வெயில். கன்னியம்மா வந்தாள், மாதம் இருமுறை மெஷினில் புல் வெட்டுபவள். இன்னும் ஒட்ட வெட்டச் சொன்னேன். நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் வைத்திருந்த புல்தரை அப்படித்தான், கம்பளம் மாதிரி.

"வேணாம்மா. நீ மொட்டை அடிச்சிகினே கீற, அந்தக் களைக்கு வெயில் வாட்டமா கெடைக்குது. அருகு ஒசரமா கீதுன்னா அது எப்டிமா மொளைக்கும்?"

"சொன்னதைச் செய்."

"சர்தான். புல்லும் உன்து, மொட்டையும் உன்து."

வாய். ஆனால் வேலை சுத்தம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சர்ச் முடிந்து இரண்டு மணி நேரம். 48. கதிர் விட்டவை தனிப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்கு; எருக்குழியில் போட்டால் விதை அத்தனையும் திரும்பி வரும். முதுகு வலி. பரவாயில்லை.

துணிக்கொடிக் கம்பங்களுக்கு நடுவே மெஷின் நுழையாது. அங்கே புல் இரண்டு விரல் உயரம். விரல்புல்லைத் தேடினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

கன்னியம்மா சொன்னது நினைவுக்கு வர, முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மேகமூட்டம். அடுத்த வீட்டு பத்மா கேட்டருகே.

"ஆன்ட்டி, நாளைக்குப் பிள்ளையாருக்கு அருகம்புல் பறிச்சுக்கலாமா?"

வருடா வருடம் கேட்பாள், கொடுப்பேன். கேட்கும்போதே கையில் ஒரு பிடி. பார்த்தால் பாதி விரல்புல்.

"பத்மா, இது அருகம்புல்லே இல்லை. போன வருஷமும் இதைத்தான் போட்டாயா?"

"ஐயையோ! பிள்ளையார் ஒண்ணும் சொல்லலையே ஆன்ட்டி!"

அவர் சொல்ல மாட்டார். நான் சொல்வேன். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினேன். நிபந்தனையும் போட்டேன்: ஒரு பிடி அருகுக்குப் பத்து விரல்புல், வேரோடு.

ஆகஸ்ட் 27, புதன்

இதமான வெயில். ஏழு மணிக்கு பத்மா, கூடவே தெருப்பெண்கள் நான்கு பேர். வரிசையாகக் குந்திக்கொண்டு ஒரே கூச்சல்.

"ஏய், முடி இருக்கு பாரு, அதான் களை!"

"உன் மாமியார் மாதிரி புடிச்ச எடத்தை விடமாட்டேங்குதுடி!"

ஒன்பதுக்குள் சுத்தம். அங்கங்கே வழுக்கை, அவ்வளவுதான்.

பத்துக்குத் தாமஸ், டேப்புடன் பேவர்காரர். அவர் செருப்பை விட்டுவிட்டுப் புல்லில் இறங்கினார். குனிந்தார். அளக்கவில்லை.

"அம்மா, வூட்டுக்கு ஒரு பிடி எடுத்துக்கட்டா? மார்க்கெட்ல இருக்கறதெல்லாம் காஞ்சி பூட்டுது."

"பத்து களை பிடுங்கினால்."

சுற்றிச் சுற்றித் தேடினார். மூன்றுதான் கிடைத்தது. தாமஸ் சிரித்துவிட்டான்.

"சரி மம்மி. கார் நிக்கிற எடத்துக்கு மட்டும் கல்லு. புல்லு உங்களோடது."

கார் நிற்கும் இடம் எப்படியும் வெறும் மண். சம்மதித்தேன். பேவர்காரருக்கு இரண்டு பிடி.

கன்னியம்மாவிடம் அடுத்த முறை சொல்ல வேண்டியது: மெஷின் கத்தியை இரண்டு விரல் உயரத்துக்கு ஏற்றவும். ஏன் என்று கேட்டால், மழைக்காலம் என்று சொல்லிக்கொள்ளலாம்.