நான்கு நொடி நினைவூட்டல்

பிப்ரவரி 5, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பத்து ஆண்டுகள். இனி எழுதிவிடுவது என்று முடிவு.

இன்று காலை பள்ளிக்குப் போகும் ஜீப்னி வண்டியில் மறுபடியும் என் குரல். ஓட்டுநர் வானொலியை அலறவிட்டிருந்தான். முதலில் மாத்திரை விற்கும் மொன்சி, மூன்று நிமிடம். கபுஹி மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை வராது, இதயம் நிற்காது, பேரன் கல்யாணத்தில் நடனம் ஆடலாம். பிறகு நான், எலி ஓடுகிற வேகத்தில்: "முக்கிய நினைவூட்டல் கபுஹி மருந்தல்ல எந்த நோயைக் குணப்படுத்தவும் இதைப் பயன்படுத்தக் கூடாது." நான்கு நொடி. இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அரசின் விதி. எவ்வளவு மெதுவாக என்று விதி சொல்லவில்லை. நான் முதலில் பதிவு செய்தபோது பதினொரு நொடி. இயந்திரத்தில் போட்டு நசுக்கிவிட்டார்கள்.

மூன்று நிமிடப் பொய்க்குப் பின்னால் வரும் ஒரே உண்மை வாக்கியம் என்னுடையது. பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு மாணவிகள் என்னைப் பார்த்து அதே வேகத்தில் சொல்லிச் சிரித்தார்கள்.

இலோய்லோ நகரக் கல்லூரியில் படித்தபோது மொன்சி வேதியியல் தேர்வில் என் தாளைப் பார்த்துத்தான் எழுதினான். படிப்பையும் முடிக்கவில்லை. இன்று ஊரே அவனை 'டாக்டர் மொன்சி' என்கிறது. நான் முதுகலை முடித்து இருபத்தெட்டு ஆண்டுகளாக வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். துறைத் தலைமை யாருக்குப் போனது? ஒரு சமன்பாட்டைச் சமன் செய்யத் தெரியாத தப்லிகன் மேடத்துக்கு.

எங்கள் ஊர் முகநூல் குழுவில் போடுவதற்கு ஒரு கட்டுரை. பெயர் போட்டு, பட்டங்கள் போட்டு.

பிப்ரவரி 7, புதன்

புதிய புட்டிக்குப் புதிய பதிவு வேண்டும் என்று கூப்பிட்டான். போனேன். ஏன் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஒரே மூச்சுல சொல்லு, புரொபசர். நடுவுல எச்சில் முழுங்காத."

மெதுவாகச் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"உன் வாக்கியத்த யாரு கேக்குறா பரே? பூசை முடிஞ்சு ஆமென் சொல்ற மாதிரிதான் அது. ஆமென்னுக்கு யாராவது அர்த்தம் கேப்பாங்களா?"

'பரே'யாம், தோழனாம். அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கூலியாக வழக்கம்போல் இரண்டு புட்டி கபுஹி. காசாகக் கொடுத்ததே இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஜீப்னி ஓட்டும் தம்பி க்ளெட்டோ வீட்டில் மதியச் சாப்பாடு. அவன் மனைவி சென்டா துவரையும் பன்றிக்காலும் பலாக்காயும் போட்ட குழம்பு வைத்திருந்தாள். அவன் மூன்று முறை வாங்கிக்கொண்டான். கொழுப்பைத் தனியாக ஒதுக்கிக் கடைசியில் சாப்பிடுவது சிறுவயது வழக்கம், இன்னும் மாறவில்லை. வயது நாற்பத்தொன்பது. ஏற்கெனவே ரத்த அழுத்தம்.

இரண்டு புட்டிகளையும் கொடுத்தேன். மாதாமாதம் கொடுப்பதுதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் தூக்கிப் போட மனம் வராது. கீரைப்பொடி, மங்குஸ்தான் தோல், கொஞ்சம் கரோட்டின், பத்து வகை உயிர்ச்சத்து. விஷம் இல்லையே.

"மனோங், ரேடியோவுல உன் குரல் வந்தா வண்டில உள்ளவங்க கிட்ட சொல்லுவேன், இது எங்க அண்ணன்னு," என்றான். "ஸ்டாண்டுல எல்லாருக்கும் உன் வசனம் மனப்பாடம்."

குழந்தை ஏசு சிலைக்குப் பக்கத்தில் புட்டியை வைத்தான். அந்த இடத்தில் முன்பு அவனுடைய மெயின்டெனன்ஸ் அட்டை இருக்கும் – தினமும் போட வேண்டிய ரத்த அழுத்த மாத்திரை, சுகாதார நிலையத்தில் சும்மா கொடுப்பது. இன்று இல்லை. வேறு இடத்தில் வைத்திருப்பான்.

பிப்ரவரி 14

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு கபுஹி விற்றான் மொன்சி. படம் போட்டிருக்கிறான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

கட்டுரைக்காக நான்கு நாட்களாக ஆய்வுகள் படிக்கிறேன். இங்கே குறித்து வைக்கிறேன்.

அமெரிக்காவில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவர்கள், எல்லோரும் ஐம்பது தாண்டிய ஆண்கள். பாதிப் பேருக்குப் பலசத்து மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெற்று மாத்திரை. பதினொரு ஆண்டு. மாரடைப்பில் வித்தியாசம் இல்லை. சாவில், சொல்லும்படி ஒன்றும் இல்லை. புற்றுநோய் மட்டும் ஒரு சிட்டிகை குறைந்தது. அதையும் எழுத வேண்டும். மறைத்தால் நானும் மொன்சிதான். கருவுற்ற பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் பிள்ளையின் முதுகுத்தண்டுக்கு நல்லது. சத்துக் குறைந்தவனுக்குச் சத்துக் கொடுப்பது சரி. வயிறார உண்கிறவன் நோய் வராமலிருக்கவும் நாள் கூடவும் விழுங்குவதற்குத்தான் ஆதாரம் இல்லை.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் இருபத்தொன்பதாயிரம் பேர். ஒரு பகுதியினருக்குக் கரோட்டின் கொடுத்தார்கள். அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. சாவும் கூடியது.

க்ளெட்டோ நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடிக்கிறான். 'விஷம் இல்லையே' என்று ஒன்பது நாளுக்கு முன் எழுதியிருக்கிறேன். அந்த மாத்திரையில் இருப்பது சிறிய அளவாக இருக்கலாம். லேபிளில் அளவு போடவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். சிகாகோவிலிருந்து அக்கா அனுப்பும் பெட்டியில் வருகிற மீன் எண்ணெய் மாத்திரையைப் பதினொரு ஆண்டாக நான் விழுங்குகிறேன். ஏன்? அக்கா அனுப்புகிறாள், பெரிய புட்டி, அமெரிக்க லேபிள். வேறு காரணம் யோசித்தும் கிடைக்கவில்லை.

கட்டுரை ஏழு பத்தி ஆகிவிட்டது. ஐந்து பத்தி மொன்சியைப் பற்றி.

மார்ச் 3, ஞாயிறு

சென்டா காலையில் கூப்பிட்டாள். "மனோங், உங்க தம்பி மெயின்டெனன்ஸ நிறுத்தி நாலு மாசம் ஆச்சு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்க படிச்சவரு, நீங்க வந்து சொல்லுங்க."

பள்ளி முதலுதவிப் பெட்டியிலிருந்த ரத்த அழுத்தக் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். 190-க்கு 110. இரண்டாம் முறையும் அதே.

ஏன்டா நிறுத்தினாய் என்றேன்.

"மருந்து கிட்னிய அரிச்சிடும் மனோங். ஸ்டாண்டுல ரெண்டு பேரு டயாலிசிஸ்ல இருக்கான். ரெண்டு பேரும் மெயின்டெனன்ஸ் போட்டவனுங்கதான்."

"அழுத்தத்தக் கவனிக்காம விட்டதாலதான்டா கிட்னி போகுது."

"அதான் கபுஹி போடுறேனே. அது மருந்து இல்ல. நீதான தினமும் சொல்ற!"

எனக்கு முதலில் புரியவில்லை. அவனே என் குரலில், என் வேகத்தில், சொல்லிக் காட்டினான்: "கபுஹி மருந்தல்ல!" கண்ணில் பெருமை. "மொன்சி சொல்றத நாங்க அவ்வளவா நம்புறதில்ல. அவன் வியாபாரி. கடைசியில நீ வந்து சொல்லுவ பாரு, மருந்தல்லன்னு – அதக் கேட்டுத்தான் ஸ்டாண்டுல பாதிப் பேரு வாங்குறான். வேதியியல் வாத்தியாரே சொல்றாரு, இதுல கெமிக்கல் இல்லன்னு."

"டேய், அது எச்சரிக்கைடா."

"எச்சரிக்கையா?" சென்டாவைப் பார்த்துச் சிரித்தான். "எச்சரிக்கைய யாராவது அவ்வளவு சந்தோஷமா, அவ்வளவு வேகமாச் சொல்லுவானா?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "ஒண்ணும் செய்யாதுன்னு தெரிஞ்சேவா எனக்கு ரெண்டு வருஷமாக் கொடுத்த?"

அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல். சொல்லவில்லை. "கெடுதல் இல்லன்னுதான் கொடுத்தேன். ஆனா மெயின்டெனன்ஸயும் போடு" என்றேன். மழுப்பல். கரோட்டின் பற்றி வாய் திறக்கவில்லை. தம்பியிடம், அதுவும் அவன் மனைவி முன்னால், எனக்குக் கேவலமாக இருந்தது.

"ரெண்டையும் போட்டா உடம்பு தாங்காது," என்றான். "கெடுதல் இல்லாததயே போடுறேன்."

மார்ச் 9

சுகாதார நிலையத்திலிருந்து அவனுடைய மாத்திரையை நானே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டான். போடுவான் என்று நினைக்கிறேன்.

நினைக்கிறேனா, விரும்புகிறேனா?

மார்ச் 16, சனி

க்ளெட்டோ விழுந்துவிட்டான். காலையில் ஜீப்னியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த குழாய் நழுவியிருக்கிறது. எடுக்கப் பார்த்திருக்கிறான், கை வரவில்லை. சென்டாவைக் கூப்பிட்டிருக்கிறான், பேச்சு வரவில்லை. மாகாண மருத்துவமனை. மூளையில் ரத்தக்கசிவு.

நான் கொடுத்த மாத்திரை அட்டையில் ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

மார்ச் 17

உயிர் இருக்கிறது.

மார்ச் 21, வியாழன்

வலது கையும் வலது காலும் அசையவில்லை. முகம் ஒரு பக்கம் தொங்குகிறது. என்னை அடையாளம் தெரிகிறது.

என்னென்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் அபயோன் கேட்டார். என் மகள் வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. புட்டியைக் கொடுத்தேன். திருப்பிப் பின்பக்கம் பார்த்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வாய்விட்டு வாசித்தார். "முக்கிய... நினைவூட்டல். கபுஹி... மருந்தல்ல." எழுத்து அவ்வளவு பொடி. "இதுலயே எழுதியிருக்கே சார். யாரும் எடுத்துச் சொல்லலியா?"

சென்டா என்னைப் பார்த்தாள்.  

மார்ச் 25, திங்கள்

மொன்சி பார்க்க வந்தான். பழக்கூடை, கூடையின் நடுவில் ஒரு புட்டி கபுஹி. புட்டியை எடுத்து அவன் சட்டைப் பையில் திணித்தேன்.

"நாந்தான் மருந்தல்லன்னு சொல்லிட்டேனே பரே," என்றான். "நான்னா, நம்ம நிகழ்ச்சி. நீதான்."

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவன் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் நாள் முழுவதும் உறுத்துகிறது.

மார்ச் 29, புனித வெள்ளி

இன்று வானொலியில் விளம்பரம் கிடையாது. வருடத்தில் இந்த ஒரு நாள் நான் பேசுவதில்லை.

க்ளெட்டோவை நேற்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். சென்டா திருப்பாடுகளின் பவனிக்குப் போனதும் அவனிடம் சொன்னேன். ஒன்றும் செய்யாது என்று தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன். எனக்கு வேண்டாததை உனக்குக் கொடுத்தேன், அதில் ஒரு அண்ணனின் பெருமையும் பட்டுக்கொண்டேன். மார்ச் மூன்றாம் தேதி நீ கேட்டபோதும் சொல்லவில்லை. புகைபிடிப்பவனுக்கு அது ஆபத்தாகக்கூட இருக்கலாம் என்று படித்த பிறகும் சொல்லவில்லை. அக்கா அனுப்பும் மீன் எண்ணெய் பற்றியும் சொன்னேன்.

அவன் வாயை ஒவ்வொரு எழுத்தாகத் திரட்டி, "அப்போ... நீயும்... முட்டாள்" என்றான்.

ஆமாம் என்றேன். வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது. அது மன்னிப்பா, தெரியவில்லை. கேட்கவில்லை.

ஏப்ரல் 2

வானொலி நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி என் குரல் வேண்டாம் என்று. பழைய பதிவு அவர்களுக்குச் சொந்தமாம். ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இருமுறை ஒரு பெண் வருகிறாள். மனப்பாடமாகத் தெரிந்த எதையாவது சொல்லச் சொல்லுங்கள், ஜெபமோ பாட்டோ, என்றாள். ஜெபம் வரும் என்று சென்டா காத்திருந்தாள்.

க்ளெட்டோ என் வசனத்தைத் தொடங்கினான்.

"முக்... கிய... நினை... வூட்டல்." நின்றான். எச்சில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். "கபுஹி... மருந்... தல்ல. எந்த... நோயைக்... குணப்... படுத்தவும்..." முடித்தான். ஐம்பத்திரண்டு நொடி, நான் கடிகாரம் பார்த்தேன். வாசலில் அவனைப் பார்க்க வந்திருந்த ஸ்டாண்டு ஓட்டுநர்கள் மூவர். சிரிக்கத் தயாராக வந்தவர்கள்தான். அவர்களில் ஒருவன், போலோய், மெல்லக் கேட்டான்: "இதத்தானா சார் நீங்க இவ்வளவு நாளாச் சொல்லிட்டிருந்தீங்க?"

போகும்போது என்னைத் தனியாக அழைத்து, மெயின்டெனன்ஸை நிறுத்தினவன் மறுபடி எங்கிருந்து தொடங்குவது என்று விசாரித்தான். நாளைக் காலை சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நானும் போகிறேன்.

ஏப்ரல் 15, திங்கள்

போலோய் வந்தான். கூடவே இன்னும் நான்கு பேர்.

மாலையில் கட்டுரையைத் திரும்ப வாசித்தேன். மொன்சி பற்றிய ஐந்து பத்திகளையும் அடித்துவிட்டேன். அவனை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. தேர்வில் என் தாளைப் பார்த்து எழுதியதுகூட அப்படியே நினைவில் இருக்கிறது. ஆனால் அது ஸ்டாண்டில் இருப்பவனுக்கு எதற்கு? மிச்சம் இவ்வளவுதான்: இந்த மாத்திரைகள் ஆயுளைக் கூட்டுகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. புகைபிடிப்பவர்கள் கரோட்டின் மாத்திரையைத் தவிர்க்கவும். மருந்தல்ல என்றால் பாதுகாப்பானது என்று பொருள் இல்லை. நோயை நிறுத்தாது என்று பொருள். மருத்துவரைக் கேட்காமல் மெயின்டெனன்ஸை நிறுத்தாதீர்கள். ஒருவன் தன் தம்பிக்கு இரண்டு ஆண்டுகள் இதைக் கொடுத்தான், தம்பி இப்போது இடது கையால் சாப்பிடப் பழகுகிறான்.

கடைசியில் பெயரையும் பட்டங்களையும் தட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். தப்லிகன் மேடம் படித்துவிடுவாரே என்ற பயமா? கொஞ்சம். ஆனால் அது மட்டும் இல்லை. இந்த ஊரில் என் பெயரைக் கண்டதும் அந்தக் குரல் கேட்கும். எலி ஓடுகிற வேகத்தில் வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

பெயரை அழித்துவிட்டேன். நாளைக் காலை, ஜீப்னிகள் புறப்படுவதற்கு முன், பெயர் இல்லாமல் போடப் போகிறேன். யார் குரல் என்று தெரியாவிட்டால் மெதுவாக வாசிப்பார்கள்.