ஃபியூஸ் கட்டையில் ஒரு கட்டைவிரல்

ஐப்பசி 3, திங்கள்

கல்லூரியில் இன்று செவ்வியல் சமூகவியல். பாடப்புத்தகத்தின் மூன்று தாடிக்கார அறிஞர்களில் மூத்தவர் சொன்ன 'அந்நியமாதல்' கருத்தை நடத்தினேன். தொழிலாளி செய்த பொருளே அவனுக்கு யாரோ போல அந்நியமாகிவிடுகிறது என்றேன். பிள்ளைகள் உதாரணம் கேட்டார்கள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு தொழிலாளி பீங்கான் கம்பெனியில ஃபியூஸ் கட்டை செய்யுறாரு. அது யாரு வீட்டுக்குப் போகுதுன்னு அவருக்குத் தெரியாது."

சாயங்காலம் மழையில் எங்கள் வீட்டு ஃபியூஸ் போய்விட்டது. என் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறிக் கட்டையைப் பிடுங்கிக் கம்பி மாற்றினார். பிறகும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். டார்ச் பிடித்த கை எனக்கு வலித்தது.

"மாட்டுங்களேன்."

"இரு. இது நான் செஞ்சது. பாரு."

பளபளப்புப் பூச்சில் முக்கும்போது விரல் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது. அங்கே ஒரு கட்டைவிரல் தடம், குறுக்கே கோடு. அவர் விரலிலும் அதே கோணத்தில் பழைய வெட்டுத் தழும்பு.

"சரியா புடிக்காம முக்கியிருக்கேன். பெண்ணாடமோ கம்மாபுரமோ போயிருக்கும்னு நெனச்சா, நம்ம வூட்டுலயே இருக்குது" என்று சிரித்தபடி மாட்டினார். விளக்கு எரிந்தது.

வகுப்பில் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. பாடத்தில் தப்பில்லை. 'ஒரு தொழிலாளி' என்றதுதான் உறுத்துகிறது. 'என் வீட்டுக்காரர்' என்று ஏன் வாயில் வரவில்லை? அவரை யாரோ ஆக்கியது கம்பெனி மட்டுமா?

தூங்கிவிட்டார். அந்தத் தழும்புக் கை இந்த நோட்டின் ஓரத்தில் கிடக்கிறது. நாளையும் அதே வகுப்புதான். 'எங்க வூட்டுக்காரர்' என்றே தொடங்க வேண்டும்.