எல்லா இடத்திலும் ஆடிய முத்துக்கருப்பன்

ரானுயி, ஆக்லாந்து
10 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே குளிரைத் தவிர எல்லாரும் சுகம். போனில் பேசினால் அப்பா காதில் விழும் என்றுதான் மெயிலில் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் சமையலறைக் கதவைச் சரிசெய்ய பக்கத்து ஊர் ஹென்டர்சனிலிருந்து சத்ய நந்த் என்ற ஃபிஜிக்காரர் வந்தார். சுவரில் இருக்கும் தாத்தா படத்தைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "இது எங்க தாத்தாவாச்சே!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இன்றைக்கு ஆல்பத்தோடு வந்துவிட்டார். ரங்கூன் ஃபுட்பால் டீமில் எடுத்த அதே படம். அடுத்த பக்கத்தில், நரைத்த தலையோடு, ஐந்து பிள்ளைகள் நடுவே நம் தாத்தா முத்துக்கருப்பன்! அந்தப் பிள்ளைகளில் ஒருவர் சத்ய நந்தின் அப்பா. எழுபதுகள் வரைக்கும் தாத்தா உயிரோடு இருந்தாராம்.

சம்பளம் கொடுத்து ரங்கூனுக்குக் கூப்பிட்டார்கள், பேக், ஹாஃப், ஃபார்வர்டு, ஆளில்லாவிட்டால் கோல்கீப்பர், எங்கே நிறுத்தினாலும் ஆடுவார் என்று பெருமை பேசித் திரிந்தோமே! ஃபிஜியிலும் அதையேதான் சொல்கிறார்களாம்.

அடப் பாவி மனுஷா! ரங்கூனில் குண்டு விழுந்து செத்தார் என்றுதானே அப்பா சின்ன வயதிலிருந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்? உயிரோடு இருந்தவருக்கு! ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வேறு போகிறார். எண்பத்தொன்பது வயதில் இதைத் தாங்குவாரா? சொல்லாமல் விட்டால் நமக்குப் பாவமில்லையா? நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் தங்கை,
ரத்னா

மதுரை
17 ஜூலை 2025

அன்புத் தங்கை ரத்னாவுக்கு,

உன் மெயிலை பிரிண்ட் எடுத்து ஐந்து நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நேற்று மனசு கேட்காமல் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "எனக்குத் தெரியும்டா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாற்பத்தெட்டில் ஃபிஜியிலிருந்து தாத்தாவின் கடிதம் வந்ததாம். இங்கே எனக்கு வேறு கல்யாணமாகிவிட்டது, என்னைத் தேட வேண்டாம் என்று. அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டு வயது அப்பாதான் வாசித்துக் காட்டியிருக்கிறார். அப்பத்தா அவரை அப்போதே வைகைக்கு இழுத்துப் போய், "ஒங்கப்பன் ரங்கூன் குண்டுல போயிட்டான். எள்ளுந் தண்ணியும் எறச்சுத் தலை முழுகுடா" என்றாளாம்.

எழுபத்தேழு வருஷம், ரத்னா! நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னாரா?

"ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன். "ஆத்தா சொன்னா, செஞ்சேன்" என்றார். ராமேஸ்வரம் டிக்கெட்டை கேன்சல் பண்ணச் சொல்லிவிட்டார். அப்புறம் குழந்தை மாதிரி அழுதார்.

"அவரு நெசமாச் செத்த நாள் எதுன்னு என் தம்பி மகன்கிட்டக் கேக்கச் சொல்லுடா. ஒரு தடவையாவது அந்தத் திதிக்குக் குடுத்துட்டுப் போறேன்."

சீக்கிரம் கேட்டு எழுது.

அண்ணன்,
தண்டபாணி