டாக்டர் காட்டிய விரல்கள்

ஜூலை 3, வியாழன்

விளாங்குடி வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டு மிக்ஸி இன்று காலை தேங்காய்ச் சட்னிக்காகப் போராடி வீரமரணம் அடைந்தது. அன்னாருக்குப் புகையே மலர்வளையம். இட்லிக்குப் பொடி.

வெயில். கூடவே காற்று. கண்ணெல்லாம் மண்.

மதியம் வக்கீலம்மா போன். அப்பீல் போடலாமாம். நாளைக்கு என்னையும் கூட்டி வரச் சொன்னார். அப்பாவுக்கு ஷேர் ஆட்டோ சவாரி இருக்கிறது. அம்மாவும் நானும் போகிறோம்.

வழக்கு வரலாறு, சுருக்கமாக: எட்டாவது படிக்கும்போது மாமா பைக்கில் பின்னால் நான். சமயநல்லூர் தாண்டி வேகத்தடை. பைக் ஒரு வழியாக இறங்கியது, நான் வேறு வழியாக இறங்கினேன். மாமா கொஞ்ச தூரம் என்னோடு பேசிக்கொண்டே போனாராம். தனியார் ஆஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைக்குள் ரத்தம் கட்டியதை யாரும் பார்க்கவில்லை. சில நாளில் வலிப்பு. பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன், ஆபரேஷன். இப்போது இடது காது சும்மா அழகுக்கு. வலிப்பு மாத்திரை காலையும் இரவும். பைக், கிணறு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எல்லாம் தடை.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரி மேல் போட்ட கேஸ் நுகர்வோர் கோர்ட்டில் போன மாதம் தோற்றது. அதுதான் புரியவில்லை. என் சாட்சி சூப்பர் ஹிட். எதிர்த்தரப்பு வக்கீலே சிரித்தார். சிரிக்க வைத்தவன் எப்படித் தோற்பான்?

ஜூலை 4, வெள்ளி

ஆரப்பாளையம். வக்கீலம்மா ஆபீஸ், ஜெராக்ஸ் கடை மாடியில். ஃபேன் சத்தம், பஸ் சத்தம், வலது காதைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி.

"தம்பி, கோர்ட்ல என்ன சொன்னன்னு இன்னொருக்கா சொல்லு."

நடித்தே காட்டினேன். டாக்டர் "எங்கப்பா விழுந்த?" என்றார். "கீழதான் சார்." "தலை வலிக்குதா?" "தலைன்னு ஒண்ணு இருந்தாத்தான சார், எங்கம்மாட்டக் கேளுங்க." கையை நீட்டி "இது எத்தனை விரல்?" "நாலு விரல், ஒரு மோதிரம். மோதிரத்தையும் எண்ணணுமா சார்?"

வக்கீலம்மா சிரிக்கவில்லை. தீர்ப்பைத் திருப்பி ஒரு பக்கத்தில் விரல் வைத்தார்.

"டாக்டர் கேள்வி கேட்டு, விரலைக் காட்டிச் சோதிச்சிருக்காரு. பையன் தெளிவா பதில் சொல்லியிருக்கான். இதக் கோர்ட்ல சொன்னதும் பையனே. அதனால டாக்டர் மேல தப்பு இல்ல. இம்புட்டுத்தான் தீர்ப்பு."

"எங்கம்மாவும் சாட்சி சொன்னாங்களே?"

"யாரும் தலையத் தொட்டுக்கூடப் பாக்கலன்னு சொன்னாங்க. அத நம்பல. உன்னைய நம்பிட்டாங்க."

பஸ்ஸில் அம்மா வாங்கியது பத்து ரூபாய்க்கு வேர்க்கடலை. அதையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

குழப்பம். என்னை நம்பாமல் தோற்றிருந்தால் புரியும். என்னை நம்பியதால் நாங்கள் தோற்றோம். இனிமேல் காகிதத்தில் எனக்குப் பெயர் மேல்முறையீட்டாளர். கீழே விழுந்தவனுக்கு வைத்த பெயரைப் பார்.

ஜூலை 6, ஞாயிறு

முத்து அவன் சித்தி பையன்களோடு வந்தான். "மாப்ள, இவனுகளுக்கு அந்த டாக்டர் காமெடியப் போட்டு விடு."

போட்டேன். இன்றைக்கு மோதிரத்தில் சிவப்புக் கல் வேறு. பையன்கள் உருண்டார்கள்.

அம்மா கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். "மோதிரமா? அந்தாளு கைக்கு உறை மாட்டியிருந்தாருல்லடா."

"நீ பில்லு கட்டப் போனேல்ல, அப்பக் கழட்டுனாரும்மா." பளிச்சென்று வந்தது. முத்து கை தட்டினான்.

அம்மா ஈரத்துணியைப் பிழிந்தபடியே நின்றார். "ஆமா... பில்லு கட்டப் போனேன்ல. அந்நேரம் காட்டியிருப்பாரு போல. நான்தான் பாக்காமப் பேசிட்டேன்."

வாளியில் பாதித் துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

மத்தியானம் கோழிக்குழம்பு. மறுசோறு வாங்கவில்லை. "என்னடா, காய்ச்சலா?" என்று அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இல்லை. வேறு என்ன என்று எனக்கும் தெரியவில்லை. அந்த ஜோக்கைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மறுபடி ஆரப்பாளையம். வக்கீலம்மா மேசையில் அப்பீல் தாள்கள், டைப் அடித்துத் தயார்.

கையெழுத்துப் போடும் முன் அம்மா சொன்னார்: "மேடம், டாக்டர் சோதிச்சப்ப நான் அங்கன இல்லன்னு எழுதிருங்க. எம்பிள்ளை விளையாட்டுப் பயதான். ஆனா கோர்ட்ல ஏறிப் பொய் சொல்ல மாட்டான்."

"அப்படி எழுதுனா அப்பீல்னு ஒண்ணு கிடையாதுக்கா. உங்க பேச்சு மட்டுந்தான் கையில இருக்கு."

"பரவாயில்லங்க. பாக்காதத எப்படிப் பாத்தேன்னு சொல்றது?"

அம்மா கையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "விரல் காட்டல" என்றேன்.

"யாருப்பா?" வக்கீலம்மா.

"யாருமே. காட்டுனாங்களான்னே எனக்குத் தெரியாது. டாக்டர் மூஞ்சியே ஞாபகம் இல்ல."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத இப்பப் போயிச் சொன்னா, தோத்ததும் பேச்ச மாத்துறான்னு சொல்லுவாங்க. அப்பீல் நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ஞாபகமே இல்லங்கிறதும் தலையில அடிபட்டதுக்கு அடையாளந்தான். இந்தா, என்ன ஞாபகம் இருக்கோ அத மட்டும் எழுது."

எழுதினேன். மாமா பைக்கை உதைத்தது. அப்புறம் என் மொட்டைத் தலை, பக்கத்தில் அம்மா முகம். நடுவில் ஒன்றும் இல்லை. எவ்வளவு யோசித்தும் ஒன்றும் இல்லை. அரைப் பக்கம்கூட வரவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. வக்கீலம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப நான் பாத்தது சரிதானே மேடம்?"

"சரிதான்க்கா."

அதைக் கேட்டுத்தான் அழுதார். கோபமா, நிம்மதியா, தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

ஜெயிப்போமா? தெரியாது. முத்துவிடம் எப்படிச் சொல்வது என்பதும் தெரியாது. கேள்வி முடியும் முன்னே பதில் சொல்கிறவன் என்று தெருவெல்லாம் எனக்குப் பெயர். அந்தப் பதில்களில் ஒன்றுகூட டாக்டரிடம் சொன்னதாக நினைவில்லை. எல்லாம் ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்துக்கொண்டு, விட்டத்தைப் பார்த்து யோசித்தவை. "கீழதான் சார்" மட்டும் வருவதற்கே ஒரு வாரம் ஆனது.