என் கை எட்டும் உயரம்

ஏங்க,

தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நான் குளித்து வந்தபின் பாத்ரூமில் குழாய் ஓரம் நீங்கள் அடைத்த பசை சாயங்காலம்வரை காய வேண்டும், தண்ணீர் படக்கூடாது. உங்கள் தம்பி வந்தால் அவருடைய ட்ரில் மெஷினைக் கொடுத்தனுப்புங்கள்.

நேற்று பாத்ரூமில் நீங்கள் பலகை அடித்தபோது, அவர் முன்னாலேயே உங்களைக் காய்ச்சி எடுத்துவிட்டேன். "சோப்புப் பலகைய யாராவது இடுப்பு உயரத்துல அடிப்பாங்களா? மிச்சப் பலகை, மிச்சப் பெயின்ட்டு, மூளையும் மிச்சம்தானா?" நீங்கள் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே இருந்தீர்கள்.

இன்று காலையில்தான் எனக்கு உறைத்தது. தோள் பிடித்துக்கொண்ட இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக, "ஏங்க, அந்த ஷாம்பூவ எடுத்துக் குடுங்க" என்று கூப்பிடாமல் குளித்து முடித்தேன். எல்லாம் கைக்கு எட்டியது. பலகைக்கு அடியில் ஒரு பென்சில் கோடு. போன வாரம், "வலிக்காம கைய எவ்வளவு தூக்க முடியுமோ தூக்கு" என்று என்னைச் சுவரோரம் நிறுத்திப் போட்டீர்களே, அதே கோடு! கேலி செய்கிறீர்கள் என்று முறைத்துவிட்டுப் போனேன்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நான் எங்கே சொல்ல விட்டேன்!

தம்பியை இரவு சாப்பிட இருக்கச் சொல்லுங்கள். அவர் முன்னால் திட்டியதை அவர் முன்னாலேயே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பி.கு. கோட்டை அழித்துவிடாதீர்கள். தோள் கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது. அடுத்த மாதம் அதற்கு மேலே நானே இன்னொரு கோடு போடுவேன், பலகையை ஏற்றி அடிக்க வேண்டியிருக்கும். ட்ரில் மெஷினைக் கொடுத்தனுப்ப வேண்டாம்.